கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு 'நான்'

பதினோராவது தடவையாக அந்த ஆங்கிலச் சொல் வந்தது.

அக்கவுண்டபிலிட்டி.

பதினோராவது தடவையாக சுகிர்தாவும் அதே செக் சொல்லை மைக்குக்குள் விட்டாள். ஒட்போவியெட்னோஸ்ட். பொறுப்பு.

பிராக் நகரத்து மண்டபம் ஒன்றின் பின்சுவரை ஒட்டி நின்றது மொழிபெயர்ப்பாளர்களின் அந்தக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு மைக். மேடையில் அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். கீழே நாற்பது செக் ஊர்களின் மேயர்கள். அவர்கள் காதுகளில் இவள் குரல்.

மேயர்கள் தலையாட்டினார்கள்.

பொறுப்பு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? முன்வரிசையில் ஒரு பருத்த மேயர் கேக்கை விண்டுகொண்டே ஆட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பல் உண்டு. செய்தாயா, ஏன் செய்தாய், கேட்கிறவன் முன்னால் வந்து சொல் என்று பிடித்து இழுக்கும். செக்கில் அது பல்லைக் கழற்றிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வளர்ந்தவள் அவள். அங்கே அதற்குப் பொறுப்புக்கூறல் என்று பெயர். பொறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. வாயைத் திறந்து கூற வேண்டும்.

ஆனால் இன்று வாலைச் சுருட்டி வைத்திருக்க வேண்டிய நாள்.

பக்கத்து நாற்காலியில் யிட்கா. அவளைவிட நான்கு வயது இளையவள். பெட்டிக்குள் பத்து வருடம் மூத்தவள். சுகிர்தாவை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று மாலையில் எழுதிக் கொடுக்கப்போவது யிட்காதான். எடுத்தால் புதன்கிழமை முதல் வேலை. இல்லையென்றால் மறுபடி கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டும். எட்டு வருடம் அடுக்கியது போதும் என்று அவளுக்கு இருந்தது.

யிட்காவின் கையில் பென்சில். ஒருவர் பேசும்போது கூட இருப்பவர் எண்களையும் பெயர்களையும் துண்டுத்தாளில் குறித்து நகர்த்துவார். 312. 47 சதவீதம். கால்வே. வேறு எதுவும் எழுதுவதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேடையில் இருப்பவர் 'நான்' என்றால் பெட்டிக்குள்ளும் 'நான்'. ஆனால் அந்த 'நான்' மேடைக்குச் சொந்தம். பெட்டிக்குள் இருப்பவர் பிழை விட்டால், 'மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார்' என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும்.

"மற்றாக்களின்ர கதையைக் கதைக்கிறதுக்கும் ஒரு சோதினையோ?" என்று காலையில் டிராம் ஏற்றிவிட வந்த கணவன் நிமலன் சிரித்திருந்தான். "உன்ர கதையைக் கேக்க வீட்டில ஒருத்தன் சும்மா எல்லோ இருக்கிறன்!"

பன்னிரண்டாவது தடவை.

வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"செய்தவர் எழுந்து நின்று, கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து, நான்தான் செய்தேன், இதனால்தான் செய்தேன் என்று சொல்வது," என்றாள் செக்கில்.

கேக் பாதி வழியில் நின்றது.

யிட்காவின் பென்சிலும்.

தலையாட்டல் ஓய்ந்து மேயர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். ஆங்கிலம் தெரிந்தவர்; காதில் எதுவும் மாட்டாமல் இருந்தவர். பக்கத்து மேயர் கிசுகிசுத்ததைக் கேட்டு எழுந்திருக்கிறார்.

"மேடையில் அவர் அப்படிச் சொல்லவில்லையே. எழுந்து நிற்பது, முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?"

நாற்பது தலைகளும் பின்சுவரைப் பார்த்துத் திரும்பின. அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதேயில்லை. இன்று பார்த்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார். மூன்றே சொல். வீட்டுக் கண்ணாடி முன்னால் நூறு தடவை சொல்லிப் பழகியது. தொண்டை வரை வந்துவிட்டது.

ஐயோ, இப்போதுதானே அவர்களுக்கு அப்படிச் சொன்னேன், என்று நினைத்தாள்.

எழுந்து நின்றாள். காதுக்கருவியின் வயர் இழுத்து, தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. மூன்றாம் வரிசைக்காரரின் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"நான்தான் சொன்னேன். என் பெயர் சுகிர்தா. ஒரே சொல்லைப் பதினொரு தடவை சொன்னேன். பதினொரு தடவையும் நீங்கள் கேக் சாப்பிட்டீர்கள். அதனால்தான் சொன்னேன்."



கிடங்கின் நீல மேலங்கி இன்னும் வீட்டில் ஆணியில்தான் தொங்குகிறது என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

முன்வரிசையில் பருத்த மேயர் கேக்குத் தட்டைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"எங்கள் ஊர் நீச்சல்குளம் ஏன் இன்னும் திறக்கவில்லை என்றால்..." என்று தொடங்கினார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மேடைப் பெண்மணி ஒன்றும் விளங்காமல் காதுக்கருவியை எடுத்து மாட்டினார்.

செக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு யிட்காவின் முறை. மைக்கைத் தட்டிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நான்தான் அதற்குக் காரணம்," என்று ஆங்கிலத்தில் மேயராகிப் பேசத் தொடங்கினாள்.

சுகிர்தா மெல்ல உட்கார்ந்தாள். சிந்திய தண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றினாள். எண் ஏதாவது வந்தால் குறிக்க வேண்டுமே என்று பென்சிலைத் தேடினாள்.

பென்சில் யிட்காவின் கையிலேயே இருந்தது. பேசுகிறவர் எழுதும் வழக்கமில்லை. ஆனால் பேசிக்கொண்டே எதையோ எழுதித் துண்டுத்தாளை ஈர மேசையில் அவள் பக்கம் நகர்த்தினாள்.

புதன். 9.00.

மேயரின் கதையில் அதுவரை கிழமையும் வரவில்லை, எண்ணும் வரவில்லை.