துளி விழும் சத்தம்

அடுத்த அறையில் விழும் ஒற்றைத் துளியின் சத்தத்தைக் கேட்டே, அதில் சோப்பு கலந்திருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன்.

நடுவில் இரண்டு கதவுகள் சாத்தியிருக்கலாம். ஏசி உறுமலாம். வாசலில் காவலாளி இருமலாம். என் காதுக்கு அதெல்லாம் தூசு.

நல்ல தண்ணீர் குழலின் நுனியில் நிறைமாதக்காரி மாதிரி தொங்கி, யோசித்து, 'டொப்' என்று விழும். சோப்புத் தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொடிப்பொடியாக, 'டிக் டிக்' என்று முண்டியடித்துக்கொண்டு வரும்.

பயிற்சிக்கு வந்த நர்சுகள் வாயைப் பொத்திச் சிரித்தாலும், மரியாதைக்குத் தலையையாவது ஆட்டினார்கள். ஆட்டாதவள் என் நாத்தனார் ஒருத்திதான்.

நாங்கள் இருவரும் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்சுகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கண் ஆபரேஷன் கருவிகளைக் கழுவச் சொல்லிக்கொடுக்க எங்களைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணுக்குள் மருந்து செலுத்தும் குழல் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். உள்ளே ஒரு துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் கண் வெந்துபோகும். அழுக்கைக் கழுவுவது பாதி வேலை; கழுவின சோப்பைக் கழுவுவது மீதி.

நான் கதை சொல்வேன். நாத்தனார் பாடம் எடுப்பாள். அந்தப் பெண்களுக்கு அவள்மேல் உயிர்.

அன்று மேஜைமேல் படுத்திருந்தவள் அவளேதான். இரண்டு கண்ணிலும் புரை; அன்று ஒன்றுக்கு ஆபரேஷன். முகம் முழுக்கப் பச்சைத் துணி, ஒரு கண்ணுக்கு மட்டும் ஜன்னல்.

நான் சுவரோரம் நின்றேன்.

டாக்டர் கையை நீட்டினார். குழலில் அடைப்பில்லை என்று காட்ட, ஒரு பெண் அதைத் தட்டின்மேல் சொட்டவிட்டாள்.

டிக் டிக் டிக்.

சோப்பேதான். எங்க மேடத்துக்கு ஆச்சே என்று, காலையில் இரண்டு பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு கழுவியதைப் பார்த்திருந்தேன். பாசத்தில் சோப்பை அள்ளி விட்டிருக்கிறார்கள். பாசத்தை அலச மறந்திருக்கிறார்கள்.

என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கூட்டாமல் குறைக்காமல் ஒன்று சொன்னேன்.

"குழலை மாத்துங்க டாக்டர். உள்ள சோப்பு இருக்கு."

முகமூடிக்கு மேலே டாக்டரின் கண் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்? கேன்டீனில் உட்கார்ந்தபடியே, மாடியில் கத்தரிக்கோல் துருப்பிடிக்கிற சத்தத்தைக் கேட்டதாகப் போன வாரம்தான் அவரிடம் அளந்திருந்தேன்.

குழலைப் பிடித்திருந்த பெண் மட்டும் அதைத் தட்டில் திரும்ப வைக்கப் போனாள். தட்டு கலகலத்தது.

துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அண்ணி வாயைத் திறந்தா வானத்தையே வில்லா வளைப்பாங்க. அது என் பிள்ளைங்க எனக்குன்னு கழுவினது. நீங்க ஆரம்பிங்க டாக்டர்."

அவர் ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். கருவிழி, மூச்சு ஊதிய கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. வலியில்லை என்றாள். விரலைக் காட்டினால் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். மணிக்கு ஒருமுறை சொட்டுமருந்து எழுதினார். தெளிந்துவிடுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். கழுவி வைத்திருந்த அத்தனை கருவித் தட்டுகளையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

அந்த இரண்டு பெண்களும் அவர் பின்னால் ஓடினார்கள்.

அறையில் நாங்கள் இருவர்தான். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்க நாக்கு துடித்திருக்க வேண்டும். துடிக்கவில்லை. "ஒருவேளை வேற ஏதாவது காரணமா இருக்கும்" என்றேன்.

நாத்தனார் காற்றில் துழாவி என் கையைப் பிடித்தாள்.

"இல்லண்ணி. சொட்டினப்பவே எனக்கும் கேட்டுச்சு."