டைப்பிஸ்ட் அக்காவின் கம்ப்யூட்டர்

“தம்பி, நெட் செத்துப் போச்சு. கொஞ்சம் வர்றியா?”

போனை வைத்துவிட்டு டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டான். அலுவலகத்தில் மொத்தம் நாற்பது கம்ப்யூட்டர். முப்பத்தொன்பதும் ஓரளவு சமர்த்தாக இருக்க, டைப்பிஸ்ட் அக்காவினுடையது மட்டும் வாரத்துக்கு நாலைந்து தடவை உயிரை விடுகிறது. முந்தாநாள் ஸ்பீக்கர், அதற்கு முன்னால் கேமரா, இன்றைக்கு நெட்.

மாடிக்குப் போய் அவள் கம்ப்யூட்டரில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பட்டியலைத் திறந்தான். நினைத்தது சரி. நெட்வொர்க் கார்டு பெயருக்குப் பக்கத்தில் கீழே பார்த்த மாதிரி ஒரு குட்டி அம்புக்குறி. எதுவும் பழுதில்லை, யாரோ கைப்பட நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரெண்டு க்ளிக்கில் நெட் வந்துவிட்டது.

“என்னக்கா பண்ணீங்க?”

“நான் என்னத்தைக் கண்டேன் தம்பி? ஏதோ கேட்டுச்சு. ‘ஆமா’ன்னு அழுத்தினேன்.”

கம்ப்யூட்டர் தலையைக் கேட்டிருந்தாலும் இந்த அம்மாள் ஆமா என்றுதான் அழுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, புகார் நோட்டை நீட்டினான்.

கையெழுத்துப் போட்டபடியே அக்கா கேட்டாள். “இந்த மாசம் எத்தனை ஆச்சு தம்பி?”

“பதினெட்டு. அதுல பதிமூணு உங்க திருப்பணி.”

“அப்படியா!” என்று சிரித்தாள் அக்கா. கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே!

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாசக் கடைசியோடு அவனுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிப்பதும் நிறுத்துவதும் மேனேஜர் கையில். அவர் பார்க்கப் போவது இந்த நோட்டைத்தான். இத்தனை புகாரைப் பார்த்தால், இவன் வேலை பார்த்த லட்சணம் இதுதானா என்று கேட்க மாட்டாரா? வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போனால்…

அந்தக் கோபத்தைக் கான்டீனில் தீர்த்துக்கொண்டான். “நான் என்னத்தைக் கண்டேன் தம்பி?” என்று அக்காவின் குரலிலேயே அவன் நடித்துக் காட்ட, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

மறுநாளே கேமரா. பத்தொன்பதாவது புகார்.

அவன் ஒரு முடிவோடுதான் போனான். கேமராவைச் சரிசெய்த கையோடு எல்லாவற்றையும் பூட்டினான். இனிமேல் அந்தக் கம்ப்யூட்டரில் எதை நிறுத்தவேண்டும் என்றாலும் அவனுடைய பாஸ்வேர்டு வேண்டும்.

“தலைகீழா நின்னாலும் இனி உங்களால ஒண்ணும் கெடுக்க முடியாதுக்கா!”

அக்காவின் முகம் வாடிப்போனது. “ஏன் தம்பி இப்படிப் பண்ணே? திறந்து விட்டுடேன்.”

“முடியவே முடியாது.”

ஆசையைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தான்.

அதற்கப்புறம் பத்து நாள் ஒரு போன் கிடையாது. மாசக் கடைசி நாள் நாலரை மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றான்.

“பார்த்தீங்களா சார், பத்து நாளா ஒரு புகார் இல்லை!”

“பார்த்தேன். மொத்தமே பத்தொன்பது. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குப்பா.”

“இதுல வருத்தப்பட என்ன சார் இருக்கு?”

“மாசம் இருபது புகாராவது வந்தாத்தான் இங்கேயே ஒரு ஆளை வச்சுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. அந்த உத்தரவு வந்து மூணு மாசம் ஆச்சு. போன ரெண்டு மாசமும் இருபதைத் தாண்டினதால பிழைச்சே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!”

“ரகசியம்னு போட்டிருந்ததே! எனக்கும், பதில் டைப் பண்ணின அக்காவுக்கும்தான் தெரியும். வாயைத் திறந்தா அவங்க வேலையும் போயிடும்.”

அக்காவின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்து எத்தனை மாதம் என்று யோசித்துப் பார்த்தான். மூன்று மாதம்தான். கான்டீனில் எல்லோரையும் சிரிக்க வைத்தது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது.

மேனேஜர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது.

“தம்பி, மணி இன்னும் அஞ்சு ஆகலையே? என் கீபோர்டு வேலை செய்யலை. ஓடிப்போய் நோட்டுல எழுது.”

“கீபோர்டுக்கு என்னக்கா ஆச்சு?” என்றான். கை புகார் நோட்டை இழுத்தது.

“நீதான் எல்லாத்தையும் பூட்டி வச்சிட்டியே! நான் வேற என்ன பண்ணுவேன்? கத்தரிக்கோலால வயரை வெட்டிட்டேன். எலி கடிச்சிடுச்சுன்னு எழுதிக்கோ.”