நிம்மதிக்கு ஒரு படம்

குழந்தைக்குச் சிரிப்புக் காட்ட வேண்டுமே என்று மூர் மார்க்கெட்டில் ஒரு கிலுகிலுப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார் ஜெயராமன். செஞ்சி கடைத்தெருவைத் தாண்டிச் சிறுகடம்பூர்ப் பக்கம் திரும்பும்வரை அது குலுங்கிக்கொண்டே வந்தது.

கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு பின்னால் நடந்தார் ஸ்டூடியோ மஜீத்.

"வேற புள்ள காட்டறேன் சார். எங்க தெருவுலயே கொழுகொழுன்னு ஒண்ணு இருக்குது."

"டானிக் கம்பெனிக்காரன் அதே குழந்தைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான் மஜீத்."

"அதுக்கு அம்மை போட்டிருக்குதாம் சார்."

"காலையில மாமன் வீட்டுக்குப் போயிருக்குன்னீங்க. பொய் சொன்னா ஒண்ணையே சொல்லணும்."

மஜீத் முக்காலியைத் தோள் மாற்றிக்கொண்டார். கூடக் கொஞ்சம் பணம் பிடுங்கப் பார்க்கிறான் ஆசாமி என்று ஜெயராமன் நினைத்துக்கொண்டார். பட்டணத்துக்காரருக்கு வேறு என்ன தோன்றும்?

சென்னையில் அவருடையது படம் விற்கிற ஏஜென்சி. பசி, உழைப்பு, நம்பிக்கை என்று தலைப்பெழுதிய உறைகள் அலமாரி நிறைய இருக்கும். பத்திரிகைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் வந்து, வேண்டிய உறையைப் பிரித்து, வேண்டிய படத்தைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

மஜீத் முதலில் செஞ்சிக் கோட்டைப் படமாகவே அனுப்பித் தள்ளினார். "கோட்டை மலையிலேயே இருக்கட்டும். ஒரு படம், ஒரு கருத்து. அவ்வளவுதான்" என்று ஜெயராமன் எழுதினார். அப்புறம் அகல் விளக்கை மூடிய கைகள் வந்தன, வெடித்த ஏரியில் கவிழ்த்த குடம் வந்தது. எல்லாம் அடுத்த தபாலிலேயே திரும்பின.

திரும்பாதது ஒன்றே ஒன்று. ஒரு தாயின் மடி, இரண்டு கைகள், அதில் கண் மூடிய குழந்தை. தாயின் முகத்தை மஜீத் வெட்டி எடுத்திருந்தார். பார்க்கிற பெண்களுக்கெல்லாம் தன் மடி என்றே தோன்றும், கெட்டிக்காரன்தான் என்று ஜெயராமன் மெச்சிக்கொண்டு அதை 'நிம்மதி' உறையில் போட்டார்.

இன்னொன்றும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மஜீத்தின் கேமரா கண்ணாடிப் பிளேட்டில் படம் பிடிக்கிற பாட்டன் காலத்துப் பெட்டி. லென்ஸ் மூடியைக் கழற்றி மூன்று எண்ணி மூட வேண்டும். குழந்தைப் படம் என்றால் அதற்குள் ஒரு கையோ காலோ ஆடிக் கலங்கிவிடும். இதில் ஒரு விரல்கூடக் கலங்கவில்லை.

"எப்படிய்யா அசையாமப் புடிச்சீங்க?" என்று நடந்துகொண்டே கேட்டார்.

"நல்ல தூக்கம் சார்" என்றார் மஜீத், தரையைப் பார்த்து.

டானிக் கம்பெனி அந்தப் படத்தை 1966 காலண்டரில் அச்சடித்துவிட்டது. அடுத்து அதே குழந்தை கண் திறந்து சிரிக்கிற படம் இந்த வாரத்துக்குள் வேண்டுமாம். கொடுக்காவிட்டால் வேறு ஏஜென்சிக்குப் போய்விடுவார்கள். இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று ஜெயராமன் நடையை எட்டிப் போட்டார்.

குழந்தையின் தாய் ரஞ்சிதம் வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மஜீத்தைக் கண்டதும் எழுந்தாள்.

"இன்னா பாய், வூட்டாண்டயே வந்துட்ட?"

மஜீத் ஜெயராமனுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஜெயராமன்தான் பையிலிருந்து காலண்டரை எடுத்து விரித்தார். மடியில் குழந்தை, பக்கத்தில் டானிக் பாட்டில், மேலே 'நிம்மதியான உறக்கம்' என்று பெரிய எழுத்து.

ரஞ்சிதம் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, பிறகுதான் அதை வாங்கினாள்.

"பிளேட்டு ஒடஞ்சி பூடுச்சின்னியே பாய்? எத்தினி தபா உன் கடையாண்ட வந்து கேட்டேன்?"

மஜீத் முக்காலியின் திருகை இல்லாத காரியத்துக்குத் திருகிக்கொண்டிருந்தார். விற்கிற படத்துக்கு வேறு யாரிடமும் பிரதி இருக்கக் கூடாது என்பது ஏஜென்சியின் விதி. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அதை எழுதி அனுப்பியவர் ஜெயராமன்தான்.

ஓகோ, இதற்குத்தான் இவ்வளவு பூசி மெழுகினானா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மனது பண்ணினார்.

"அதுக்கென்னம்மா, இதை நீயே வச்சுக்கோ. ஊரெல்லாம் உன் குழந்தையைத்தான் சுவர்ல மாட்டப் போறாங்க. சந்தோஷம்தானே?"

அவள் காலண்டரில் குழந்தையின் நெற்றியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டிப் பாட்டிலின் மேல் விழுந்தது. பெற்ற மனம், பூரிக்கத்தானே செய்யும் என்று ஜெயராமன் சற்றுப் பொறுத்தார். அப்புறம் பொழுதைப் பார்த்தார். வெயில் சாய்வதற்குள் வேலை முடிய வேண்டும்.

"மஜீத், கேமராவை நிறுத்துங்க. அம்மா, உள்ளே தூங்குதா? எழுப்பித் தூக்கிக்கிட்டு வா. இன்னிக்கு நல்லாக் கண்ணைத் திறந்து சிரிக்கணும்."

கிலுகிலுப்பையை எடுத்துக் கதவுப் பக்கம் நீட்டி ஆட்டினார். மஜீத் முக்காலியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ரஞ்சிதம் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொதைக்கத் தூக்கறதுக்கு முன்னால எடுத்த படம் சார் இது."