தூசி அடங்கட்டும்

பழைய இரும்புக் கடையிலிருந்து அடிமாட்டு விலைக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இழுத்து வந்தான் தயாபரன். போர்ட்டிகோவில் நிறுத்தி, வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டு, கழற்றிக் கழற்றி மாட்டினான். மனைவி செண்பகவல்லியின் குழம்புச் சட்டியில் கார்புரேட்டர் ஊறியது. அவளுடைய நல்ல புடவை கிரீஸ் துடைக்கிற துணியானது. "ஒரு நாள் இதுல ராஜா மாதிரி போவேன் பாரு" என்பான். அவள் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விடுவாள்.

ஒருவழியாக இன்ஜின் உறுமியபோது தெருவே கூடிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தவன் நகரவே இல்லை. "ரோடெல்லாம் மண்ணா கெடக்கு. ஒரு மழை பெஞ்சு தூசி அடங்கட்டும்" என்று இன்ஜினை அணைத்துவிட்டு, பாலிஷ் எடுக்க உள்ளே போனான்.

கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் வேனை ஓட்டியவள் செண்பகவல்லி. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் கேட்டை உரசிக்கொண்டு தெருவில் இறங்கியது.

"ஐயோ, பெயிண்ட்டு போச்சுடி! பெயிண்ட்டு!" என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான் தயாபரன்.

எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. அவள் கிளட்சை மிதித்து கியரை மாற்றினாள். இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்தது. இதையாவது உருப்படியாகச் செய்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.