ஐஸ் பெட்டியில் காகிதம்

"அந்தப் பெட்டியில ஐஸைக் கொட்டுனது யாரு?"

மேவிஸ் கேட்ட கேள்விக்கு ராய்ஸ் திருதிருவென்று விழித்தான். "நான்தான் மேடம். உங்க வேனுக்குப் பின்னால ஐஸ் பெட்டி சும்மா கிடந்துச்சு. அடியில ஏதோ கவர் இருந்துச்சு, அதுக்கு மேல கொட்டி நாலு கேன் சோடா வெச்சேன். வேலை முடிஞ்சதும் குடிக்கலாம்னு."

"அந்தக் கவருதான் என் பேப்பர் கட்டு."

மேவிஸ் நடமாடும் நோட்டரி. பத்திரத்தை மெயிலில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டால் போதும், இடம் தேடி வந்து, வேனிலேயே பிரிண்ட் போட்டு, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுப்பாள். ஃப்ளோரிடா கடற்கரைக் காற்றில் வெளியே வைத்த தாள் அரை மணி நேரத்தில் அப்பளம் போல நமத்துவிடும். பிரிண்டரில் போட்டால் சிக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் தாள் கட்டை ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு ஐஸ் போடாமல் போகிற ஆண்பிள்ளை கிடையாது என்பதை மறந்துவிட்டாள்.

"கையெழுத்தே ஆகலை, அதுக்குள்ள சோடா. என்ன அவசரம் பாத்தீங்களா இவனுக்கு?" என்றாள் அவனோடு வந்திருந்த டார்லா.

"நீ மட்டும் என்னவாம்? காலையிலேர்ந்து நாலு தடவை மணி பாத்தே."

"நீ சொதப்புவேன்னு தெரியும், அதான் பாத்தேன்."

இருவரும் ஒரே டிரக்கில்தான் வந்தார்கள். தூண்டில் கடை வாசலில் இறங்கியதும் அவள் நிழலில் ஒதுங்கிக்கொண்டாள், இவன் வெயிலில் நின்றான்.

"பத்தொன்பது பக்கம், ஆளுக்கொரு பிரதி," என்றாள் மேவிஸ். "பிரிண்டர்ல இருக்கறது இருபது தாள்தான்."

"ஒரு பிரதி போதாதா மேடம்?"

"போதாது," என்று டார்லா முந்திக்கொண்டாள். "போன தடவை வாய் வார்த்தையை நம்பி, பாத்துப் பாத்துக் கட்டின வீட்டை விட்டுட்டு ரெண்டு பையோட வெளிய வந்தேன். இந்தத் தடவை வீடு என் பேர்ல, படகு இவன் பேர்ல. என் பிரதி என் கையில இல்லாம நான் நகர மாட்டேன்."

"உன் வீட்டை யாரு கேட்டா?"

"அப்போ கம்போ யாருக்கு?"

"நாய் உனக்குத்தான். ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு. போதுமா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராய்ஸ் மேவிஸின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எப்படியாவது இன்னிக்கே முடிச்சுக் குடுங்க மேடம். கோர்ட்ல குடுத்த அறுபது நாள் இன்னியோட சரி. நாளைக்கு அந்தத் தாள் செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து எழுதிக் குடுத்து வாங்கணும். இவ இன்னொரு தடவை அந்தப் படியேற மாட்டா. எனக்கு நல்லாத் தெரியும்."

மேவிஸுக்கு அவன்மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தாள் விற்கிற கடைக்கு நாற்பது மைல் போக வேண்டும். கடல் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

தாள் கட்டைத் தூக்கி வேனின் பின்பக்கம் வைத்தாள். ஓரத்தில் அவள் ஏற்கெனவே பிரித்திருந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மேல் தாள்கள் கூழாக வந்தன.

"நடுவுல தேறும்," என்றாள் டார்லா. எப்போது நிழலை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை. "ராய்ஸ், அந்தப் பக்கம் பிடி. இழுக்காதே, கிழிஞ்சுரும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் ஐஸைக் கொட்டினியா?"

மூன்று பேரும் குனிந்து ஒவ்வொரு தாளாக உரித்தார்கள். நடுவில் இருந்த தாள்கள் காய்ந்தே இருந்தன. இருபத்து மூன்று தேறியது. மேவிஸ் அதைப் பிரிண்டரில் வைத்து, கும்பிடாத குறையாகப் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டாவது பிரதியில் பதினோராம் பக்கம் பாதியில் சிக்கியது. மூடியைத் திறந்து, தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி அனுப்பினாள். கடைசிப் பக்கம் வெளியே வரவும் முதல் மழைத்துளி விழவும் சரியாக இருந்தது.

இருவருடைய லைசென்ஸையும் சரிபார்த்தாள். ராய்ஸ் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். டார்லா ஏழாம் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டாள். மேவிஸ் முத்திரையைக் குத்தினாள்.

"அப்பாடா," என்று டார்லா தன் பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு வருஷமா நெஞ்சுல கிடந்த கல்லு இப்பத்தான் இறங்குச்சு."

"எனக்கும்தான்," என்று ராய்ஸ் வேனில் சாய்ந்துகொண்டான்.

"இருங்க, இன்னும் முடியலை. அந்தக் கோர்ட் தாளைக் குடுங்க," என்றாள் மேவிஸ்.

ராய்ஸ் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கித் தேதியைப் பார்த்தாள். வேன் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ஃப்ளோரிடாவில் நோட்டரிக்கு முத்திரை குத்துவதோடு இன்னோர் அதிகாரமும் உண்டு.

"எது யாருக்குன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதியாச்சு. இப்ப ரெண்டு பேரும் பக்கத்துல வந்து கையைப் பிடிச்சுக்குங்க," என்று கல்யாண அனுமதித் தாளைப் பிரித்தாள். "டார்லா, இந்த ராய்ஸைப் புருஷனா ஏத்துக்க உங்களுக்குச் சம்மதமா?"