சக்களத்திக்கு ஒரு கை

ஜன்னல் வெயில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியின் மேல் விழுகிறது. உள்ளே வரிசையாகக் கைக்கடிகாரங்கள். ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இரண்டு கைகளிலும் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் பஸ் டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு நேரமெல்லாம் பழைய கடிகாரங்களோடு கழிக்கும் அவர், தன் கையாலேயே பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு ஓடவைத்த முதல் கடிகாரம் அது. அன்றிலிருந்து நின்றதே இல்லை. சாவி கொடுக்கிற வகையும் அல்ல, கட்டிய கை அசைந்தால்தான் ஓடும். "நின்னுடும் போலிருக்கே," என்கிறார், சுவரிடம் சொல்வதுபோல. இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் மனைவி திரும்பாமலே, "நிக்கட்டுமே. உங்களுக்குச் சோறு ஊட்டறது பத்தாதுன்னு என் சக்களத்திக்கும் நானே ஊட்டணுமா?" என்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் இஸ்திரிப்பெட்டி டக்கென்று நிமிர்ந்து நிற்கிறது. அவள் வந்து கடிகாரத்தை எடுத்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, வலது கையில் கட்டிக்கொள்கிறாள். "வாட்ச் இடது கையிலதானே கட்டுவாங்க?" "தேய்க்கிற கை இதுதானே. பேசாம உட்காருங்க." இஸ்திரிப்பெட்டி போய்ப் போய் வர, கடிகாரத்துக்குள் சின்னத் தகடு சுழலும் கரகரப்பு அவர் காதுக்கு மட்டும் கேட்கிறது. துணியெல்லாம் தீர்ந்துபோகிறது. அவள் மடித்துவைத்த சட்டை ஒன்றை எடுத்து, உதறிக் கசக்கி, மறுபடியும் தேய்க்கிறாள்.