ஏழாம் மேசையின் இரண்டு விநாடி

ரஹீமா வீடியோவை நிறுத்திப் பின்னால் ஓட்டினாள்.

ஏழாம் மேசைப் பெண் மறுபடியும் தலையைத் தூக்கினாள். இரண்டு விநாடி. பிறகு குனிந்து வயர்களைக் கட்டத் தொடங்கினாள்.

கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை. அங்கே ஒவ்வொருவரின் அசைவையும் நிறம் பிரிப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. பொருளை உருவாக்கும் அசைவு பச்சை. தவிர்க்க முடியாதது மஞ்சள். வீண் என்றால் சிவப்பு.

சிவப்பை இந்த மாதத்துக்குள் ஒழித்தாக வேண்டும்.

இது சிவப்பு. சந்தேகமே இல்லை.

ஆனால் காலையிலிருந்து ஒரே இடைவெளியில் நாற்பது முறை. ஒன்றுகூடத் தவறவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் கீழே இறங்கிப் போய்க் கேட்டாள்.

ஏழாம் மேசைப் பிலோமினா டிபன் பாக்ஸை மூடினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஒம்போதாவது மேசை அஞ்சலைக்கு இப்பல்லாம் காது கேக்கறதில்ல மேடம். பெல்ட் நகர்றதுக்கு முன்னாடி மணி அடிக்குதில்ல, நான் தலையைத் தூக்குவேன். அதைப் பார்த்துட்டு அவ கையை எடுத்துக்குவா."

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தபடி, "ரெண்டு பிள்ளைங்க மேடம் அவளுக்கு" என்றாள்.

ரஹீமா மாடியேறினாள்.

சிவப்பு போட்டால் பிலோமினா குனிந்தே இருக்க வேண்டும். என்றைக்காவது ஒருநாள் பெல்ட் அஞ்சலையின் கையை இழுத்துக்கொள்ளும்.

உள்ளதை எழுதினால் அஞ்சலை நாளைக்கே வீட்டில் இருப்பாள்.

மூன்று மணிக்கு மேலாளர் வேதமூர்த்தியின் அறையில் அறிக்கையை வைத்தாள். ஏழாம் மேசைக்கு நேரே நிறமில்லாமல் ஒரு கட்டம்.

"எல்லா மேசைக்கும் ஒரு விளக்கு வேணும் சார். பெல்ட் நகர்றதுக்கு முன்னாடி எரியற மாதிரி."

"அதுக்குத்தான் மணி இருக்கே."

"இரைச்சல்ல கேக்கலை சார்."

"யாருக்குக் கேக்கலை? பேரைச் சொல்லுங்க."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கீழே மணி அடித்தது. மூடிய கண்ணாடிச் சன்னலையும் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

அடித்து ஓயும்வரை அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"எனக்குத்தான் சார்" என்றாள்.

வேதமூர்த்தி அவளையே பார்த்தார். நிறமில்லாத அந்தக் கட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை விளக்கு?"